சிவப்புப் புள்ளி நின்ற இடம்

பிப்ரவரி 4, செவ்வாய்

குழாயில் தண்ணீர் வரவில்லை. நேற்றுப் பிடித்ததில் அரைக்குடம் இருந்தது, அதை வைத்தே சமைத்தேன்.

இளவேனி சேலத்திலிருந்து போன் போட்டாள். "எழுதறயாம்மா?" என்று கேட்டாள். எழுதுகிறேன் என்று பொய் சொல்லிவிட்டேன். அதனால்தான் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன். மனசில் கிடப்பதை எழுதினால் தூக்கம் வரும் என்று அவளுடைய நர்சிங் டீச்சர் சொன்னாராம். நான் எட்டாவதோடு நின்றவள். என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

ஆலைக்குப் போனேன், வந்தேன். கோழித்தீவன ஆலை. போன ஆடியில் எங்கள் வீட்டுக்காரர் அங்கே ரெண்டாம் சைலோவுக்குள் மக்காச்சோளத்தில் புதைந்துபோனார். அதற்குப் பிறகு எனக்கு அங்கேயே கூட்டுகிற வேலை கொடுத்தார்கள். கூட்டுகிறேன்.

பிப்ரவரி 5, புதன்

ஆலைக்கு ஒரு ஆள் வந்திருக்கிறார். பெயர் ஜெபசிங். திருநெல்வேலிப் பக்கமாம், பேச்சிலேயே தெரிகிறது. சைலோவின் உச்சியில் ரேடார் என்று ஒன்றை மாட்டப் போகிறாராம்.

இளவேனிக்குத் தெரியும், இருந்தாலும் எழுதி வைக்கிறேன். சைலோ என்றால் நாலு மாடி உயரத்துத் தகர உருளை. மேலே சோளத்தைக் கொட்டுவார்கள். அடிப்பக்கம் புனல் மாதிரி குறுகிப்போய், வாய் வழியாகச் சோளம் இறங்கும். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒருவர் ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, குண்டு கட்டிய கயிற்றை இறக்குவார். சோளம் கட்டிக்கொண்டு இறங்காமல் நின்றால், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உள்ளே போய்க் கடப்பாரையால் குத்திவிடுவார். அந்த வேலையைத்தான் எங்கள் வீட்டுக்காரர் செய்தார். இப்போது என் கொழுந்தன் சின்ராசு செய்கிறான். வேண்டாம் என்று சொன்னேன். "வேற யாருங்கண்ணி ஏறுவா?" என்றான்.

இந்த ரேடாரை மாட்டினால் யாரும் ஏற வேண்டாமாம். எத்தனை அடி சோளம் இருக்கிறது என்று ஆபீசில் இருக்கும் டப்பாவில் எழுத்து எரியுமாம்.

ஸ்டோர் ரூமைத் திறந்துவிடச் சொன்னார். திறந்துவிட்டேன். ஜன்னலுக்கு அடியில் கிடந்த அட்டைப்பெட்டியைத் தூக்கினார். அதன்மேல்தான் நான் தினமும் சோற்றுத் தூக்குப்போசியை வைப்பேன். குழம்பு வட்டம்கூட விழுந்திருந்தது.

"இதையா தேடுனீங்க?" என்றேன்.

"இதேதான்க்கா. பிரிக்கவே இல்லியே. சும்மா போட்டு வச்சிருக்காங்க."

"எப்ப வந்ததுங்க இது?"

பெட்டியின் ஓரத்தைத் துடைத்துப் பார்த்தார். "போன தீவாளிக்கு முந்தின தீவாளிக்கு அனுப்பிருக்கோம்."

முந்தின தீபாவளி என்றால் ஆடிக்கு முன்னால்தானே. விரல் விட்டுப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். முன்னால்தான்.

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். போசியைக் கீழே வைத்துச் சாப்பிட்டேன். என்ன குழம்பு என்று இப்போது யோசித்தால் ஞாபகம் வரவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

மேனேஜர் குழந்தைவேலுவிடம் கேட்டேன். கேட்கலாமா கூடாதா என்று காலையெல்லாம் குழம்பிக்கொண்டிருந்துவிட்டு, டீ கொண்டுபோய் வைக்கிறபோது கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "அங்காயி, அது மாட்டறதுன்னா சும்மா இல்ல. மேல ஓட்டை போட்டு, கழுத்துக் குழாய் ஒண்ணு வெல்டிங் வெக்கோணும். சைலோ பூராக் காலியாகோணும். எங்க காலியாச்சு? லாரி வந்துக்கிட்டே இருக்குதே."

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"அதுவுமில்லாம, உங்க வீட்டுக்காரரே வேண்டாம்னுட்டாரு. 'இந்த டப்பா என்னைவிட நல்லாப் பாத்துப்போடுமாக்கும்'னு இதே எடத்துல நின்னுதான் கேட்டாரு. அவருக்கு மனசு கஷ்டப்படுமேன்னு நானும் உட்டுட்டேன்."

வெளியே வந்து விளக்குமாற்றை எடுத்தேன். எங்கள் வீட்டுக்காரர் அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தான். அந்தப் பேச்சு அவர் குரலிலேயே எனக்குக் கேட்கிறது. ஆனால் மேனேஜர் சொன்ன பிறகுதான் கேட்கிறது. அதற்கு முன்னால் கேட்டதில்லை.

சாயங்காலம் சின்ராசுவிடம் கேட்டேன். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியாதுங்கண்ணி. அண்ணன் அப்படிப் பேசற ஆளுதான். மேனேஜரும் அண்ணன் பேசுனதா சொல்ற ஆளுதான்."

பிப்ரவரி 8, சனி

துணி துவைத்தேன். அவருடைய சட்டை ஒன்றையும் எடுத்துத் துவைத்துக் காயப்போட்டேன். அழுக்கு ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 10, திங்கள்

நாளைக்குத் தைப்பூசம். பாதிப்பேர் பழனிக்கு நடக்கப் போய்விட்டார்கள். ஆலை ஓடாது என்பதால் ரெண்டாம் சைலோவை வாய் வழியாகவே ஓடவிட்டுக் காலி செய்தார்கள். வெல்டிங்காரர் மேலே கழுத்துக் குழாய் வைத்துவிட்டார். தீப்பொறி கீழே வரைக்கும் விழுந்தது. கரி வாசனை.

சின்ராசுவுக்குக் காய்ச்சல். கசாயம் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். குடிக்காமல் ஊற்றியிருப்பான்.

ஜெபசிங் சைலோ நிழலில் உட்கார்ந்து அந்த ரேடாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். சின்னதுதான். கவிழ்த்த டம்ளருக்கு மண்டை வைத்த மாதிரி இருக்கிறது. கண் எங்கே என்று கேட்டேன்.

"கண்ணு இல்லக்கா. இந்த வாயிலருந்து அலை போவும். சோளத்துல பட்டுத் திரும்பி வரும். போய்வர நேரத்த வச்சு எவ்வளவு தூரம்னு அதுவே கணக்குப் போட்டுக்கிடும்."

"சத்தம் போடுமுங்களா?"

"சத்தம் இல்ல, ரேடியோ அலை. டார்ச்சு வெளிச்சம்னு நெனச்சுக்கிடுங்க. நம்ம கண்ணுக்குத் தெரியாது, அம்புட்டுதான்."

டார்ச்சு வெளிச்சம், ஆனால் தெரியாது. சரி என்று தலையாட்டினேன்.

நேராகத் தொங்கவிட்டால் ஏணியும் சுவரும் குறுக்கே வந்து ஏமாற்றிவிடுமாம். ஏணியைப் பார்த்துவிட்டுச் சோளம் என்று சொல்லுமாம். அதனால் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்து, அடிவாயைப் பார்க்கிற மாதிரி வைத்து முறுக்கினால்தான் சரியாகச் சொல்லும் என்றார்.

"கீழ மட்டம் எறங்கலன்னா கட்டிக்கிட்டுன்னு டப்பாவே காட்டிக்குடுக்கும். வெளியருந்தே தட்டிவிட்டுறலாம். ஆளே உள்ள போவாண்டாம்."

அவருக்கு நான் யார் என்று தெரியாது. நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

எங்கள் வீட்டில் இந்த வருசம் யாரும் கோயில் மலை ஏறக் கூடாது. அதனால் நான் வேலைக்கு வந்துவிட்டேன். சின்ராசு எழுந்திருக்கவில்லை. ஆலையில் மேனேஜரும் ஜெபசிங்கும் வாட்ச்மேனும்தான்.

கீழே நின்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று ஜெபசிங் கேட்டார். வாட்ச்மேனுக்குக் கண் புரை. மேனேஜர் என்னைப் பார்த்தார். அப்புறம் வேறு பக்கம் பார்த்தார். "அங்காயி, நீ நின்னுக்கறயா?" என்றார். நின்றுகொள்கிறேன் என்றேன்.

மூன்று மணிக்கு ராகுகாலம். அதற்குள் மாட்டி, ஓடவிட்டு, கற்பூரம் காட்ட வேண்டும் என்று மேனேஜர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வேலை இதுதான். மேலே கழுத்துக் குழாயில் ரேடாருக்குப் பதிலாக முதலில் ஒரு லேசர் லைட்டை வைப்பார். அதன் சிவப்புப் புள்ளி உள்ளே எங்கே விழுகிறது என்று நான் அடிப்பக்கத்துக் கதவு வழியாகப் பார்த்து போனில் சொல்ல வேண்டும். புள்ளி அடிவாய்க்கு வந்ததும் அந்தச் சாய்வை அப்படியே வைத்து முறுக்கிவிட்டு, ரேடாரை வைப்பார்.

கீழ்க்கதவு சின்னது. தலையும் தோளும் நுழையும். இத்தனை மாதம் அதைச் சுற்றிக் கூட்டியிருக்கிறேன். உள்ளே பார்த்ததில்லை.

பார்த்தேன். உச்சியில் ஒரு வெளிச்சம் தட்டு அளவுக்கு இருந்தது. கொஞ்ச நேரத்தில் கண் பழகியது. பழைய சோள வாசனை. புனல் சரிவில் ஒரு பக்கம் சதுரமாகப் புதுத் தகடு ஒட்டியிருந்தது. மற்ற தகடெல்லாம் மங்கல், அது மட்டும் பளிச்சென்று இருந்தது. அன்றைக்குத் தீயணைப்புக்காரர்கள் அறுத்த இடம். அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவர் நல்ல உயரம்.

"அக்கா, புள்ளி தெரியுதா?" போனில் அவர் குரல் உள்ளேயும் கேட்டது.

"ஏணில இருக்குதுங்க."

"இப்ப?"

"செவுத்துல. கீழ வருதுங்க. சரிவுக்கு வந்திருச்சு."

புள்ளி கடுகு மாதிரி நடுங்கிக்கொண்டே வந்தது. சதுரத் தகட்டுக்கு வந்தது. நடுவில் நின்றது.

"வாய்க்கு வந்துட்டா அக்கா?"

வாய் அதற்கும் கீழே, இன்னும் அந்தப் பக்கமாக இருந்தது.

"அக்கா?"

"மணி ஆவுது," என்று மேனேஜர் பின்னால் நின்று சொன்னார்.

"வந்திருச்சுங்க," என்றேன்.

அவர் முறுக்கினார். ரேடாரை வைத்தார். இறங்கி வந்து போனைத் தட்டிப் பார்த்தவர், "அடிவாய்த் தூரம் கொஞ்சம் கொறைவாக் காட்டுதே" என்றார். சைலோ வரைபடத்தில் இருக்கிற கணக்கையே போடுங்கள், நேரமாகிறது என்றார் மேனேஜர். சோளம் ஒரு தடவை ஏறி இறங்கினால் தெரிந்துவிடும், வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அதையே போட்டார். கற்பூரம் காட்டினார்கள். நான் தள்ளி நின்றுகொண்டேன்.

அவர் கிளம்பும்போது கேட்டேன். "அது எப்பவும் அந்த எடத்தையேதான் பாத்துக்கிட்டிருக்குமுங்களா?"

"ராவும் பகலும் அதே எடந்தான்க்கா. சோளம் மூடுனா சோளத்தப் பாக்கும். எறங்குனா திரும்ப அங்கயே."

நல்லது என்றேன்.

பிப்ரவரி 12, புதன்

சோளம் ஏற்றினார்கள். டப்பாவில் சிவப்பு எழுத்தில் இருபத்தெட்டு என்று எரிந்தது. எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். சின்ராசு காய்ச்சலோடு வந்து பார்த்துவிட்டு, "அப்ப எனக்கு வேலை இல்லீங்களா?" என்றான்.

"வந்து மூட்டை தூக்குடா. ஒடம்பு எறங்கும்," என்றார் மேனேஜர்.

நேற்று நன்றாகத் தூங்கினேன். இளவேனியிடம் சொன்னேன். எழுதினதால்தான் என்று அவளுக்குச் சந்தோசம்.

பிப்ரவரி 13, வியாழன்

பன்னிரண்டு என்று எரிந்தது. கூட்டும்போது ஆபீஸ் பக்கமாகவே கூட்டினேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் ரெண்டாம் சைலோ வாயில் சோளம் வருவது நின்றுவிட்டது. டப்பாவில் நான்கு என்று எரிந்தது. நான்கு அடி சோளம் உள்ளே இருக்கிறது, ஆனால் வாயில் ஒன்றும் வரவில்லை.

"கட்டிருச்சு," என்றார் மேனேஜர்.

ஜெபசிங்குக்குப் போன் போட்டார்கள். பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். யாரையும் இறக்காதீர்கள், நான் வந்துவிடுகிறேன் என்றாராம். மேனேஜர் போனை வைத்துவிட்டு வெளியே நின்ற லாரிகளைப் பார்த்தார். "பண்ணைக்காரன் என்னைத்தான் திட்டுவான். கோழி அங்க பட்டினியாக் கெடக்குது. சின்ராசு, ஒரு எட்டு எறங்கிக் குத்திவிட்டுட்டு வந்துரு. நாலடிதான, நெஞ்சு ஒசரம்கூட வராது."

அன்றைக்கு எங்கள் வீட்டுக்காரரிடம் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. இப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

சின்ராசு இடுப்பில் கயிறு கட்டினான். கடப்பாரையை எடுத்தான். நான் விளக்குமாற்றோடு நின்றேன். எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. அந்த நான்கு அடி என்பது சோளமா, தகடா? வாயைப் பார்க்காமல் அதற்கு மேலே இருக்கிற தகட்டைப் பார்த்துவிட்டு, இதுதான் சோளம் என்று சொல்கிறதா? அப்படியென்றால் உள்ளே ஒன்றும் இல்லை, அவன் இறங்கினாலும் ஒன்றும் ஆகாது. இல்லை, நிஜமாகவே கட்டியிருந்தால்? சொன்னால் என்ன சொல்வார்கள்? சொல்லாவிட்டால்?

அவன் ஏணியில் ஏற ஆரம்பித்துவிட்டான். ஓடிப்போய்க் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்கண்ணி. விழுந்துருவேன்."

"எறங்கு."

"விடுங்கங்கறன்ல. எல்லாரும் பாக்கறாங்க."

"அது வாயைப் பாக்கல. நாந்தான் வேற எடத்தைக் காட்டி, வந்திருச்சுன்னேன்."

மேனேஜர் பக்கத்தில் வந்தார். "என்ன எடம்?"

சின்ராசுவைப் பார்த்துத்தான் சொன்னேன். "உங்க அண்ணனை எடுத்த எடம்."

சின்ராசு ஏணியிலேயே நின்றான். அப்புறம் ஒவ்வொரு படியாக இறங்கினான். கயிற்றை அவிழ்க்கவில்லை.

"கூட்டற பொம்பளைய அங்க நிக்க வெச்சது என் தப்பு," என்றார் மேனேஜர். "நாளைக்கு வேலைக்கு வரணுமா வேண்டாமான்னு யோசிச்சுச் சொல்றேன்."

சின்ராசு கீழ்க்கதவைத் திறந்தான். உள்ளே தலையை விடாமல் தள்ளி நின்று, நீள மூங்கிலால் அண்ணாந்து ஒவ்வொரு பக்கமாகக் குத்தினான். தகட்டுப் பக்கம் வெறும் தகரச் சத்தம்தான். எதிர்ப்பக்கம் குத்தியபோது சத்தம் மாறியது. இன்னும் ரெண்டு குத்து. மேலே சுவரில் பூசணம் பிடித்து ஒட்டியிருந்த சோளம் ஒரே பாளமாக விழுந்தது. கட்டில் அகலம் இருக்கும். கதவு வழியாகப் புழுதி எங்கள் முகத்தில் அடித்தது.

சின்ராசு மூங்கிலைக் கையில் வைத்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றான்.

நான் சரியாகக் காட்டியிருந்தால் டப்பாவில் ஒன்றுமில்லை என்று எரிந்திருக்கும், அவன் ஏறியே இருக்க மாட்டான். ஆனால் அந்தப் பாளம் சுவரில் இருப்பது யாருக்கும் தெரிந்திருக்காது. இன்னொரு நாள் யார் தலையிலாவது விழுந்திருக்கும். அப்படியென்றால் நான் செய்தது தப்பா, என்ன அது? எத்தனை தடவை எழுதிப் பார்த்தாலும் ஒரே மாதிரி வரவில்லை.

பிப்ரவரி 15, சனி

வேலைக்கு வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. போனேன்.

ஜெபசிங்குக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "எனக்குத் தெரியாமப் போச்சுக்கா. தெரிஞ்சிருந்தா உங்கள அங்க நிக்க வச்சிருக்கவே மாட்டேன். நானும் எறங்கிவந்து ஒரு தடவ பாத்திருக்கணும். கணக்கு ஒதைக்கும்போதே பாத்திருக்கணும்."

இன்றைக்குக் கீழ்க்கதவில் சின்ராசுவை நிறுத்தினார். நான் மேலே வரட்டுமா என்று கேட்டேன். அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் ஆபீசுக்குள் போய்விட்டார். ஜெபசிங் என் இடுப்புக்கு வார் மாட்டிவிட்டார். ஏறினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கீழே பார்க்காமல் ஏறினேன்.

மேலே காற்று. நான் நினைத்த மாதிரி இல்லை. சும்மா ஒரு தகரக் கூரை, ஒரு மூடி. மூடியின் கைப்பிடி தேய்ந்து வழவழவென்று இருந்தது.

லேசரை வைத்தார். போனில் சின்ராசு, "அதே தகட்டு மேல இருக்குதுங்க," என்றான்.

"நான் திருப்பட்டுங்களா?" என்று கேட்டேன்.

ஜெபசிங் முறுக்கைத் தளர்த்திவிட்டு விலகிக்கொண்டார். கழுத்தை ரெண்டு கையாலும் பிடித்தேன். வெயிலில் சுட்டது. தொட்டால் அசைகிற மாதிரி லேசாகத்தான் இருந்தது. ஆனாலும் திருப்பவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. கீழேயிருந்து சின்ராசு, "ஏனுங்கண்ணி, கனெக்சன் போயிருச்சா?" என்றான்.

"இருக்கறன்," என்றேன்.

திருப்பினேன்.

"நகருதுங்க. தகட்டு ஓரம். தாண்டிருச்சு. இன்னுங் கொஞ்சம். இன்னுங் கொஞ்சம். வாய்ல நிக்குதுங்கண்ணி."

"நல்லாப் பாத்தயா?"

"நல்லாப் பாத்தேன்."

ஜெபசிங் முறுக்கினார். பிறகு தானும் ஒரு தடவை இறங்கிப்போய்க் கதவு வழியாகப் பார்த்துவிட்டு வந்தார். இந்தத் தடவை கணக்கு உதைக்கவில்லை என்றார்.

பிப்ரவரி 17, திங்கள்

ரெண்டாம் சைலோவில் சோளம் ஏற்றினார்கள். எல்லா இடமும் மூடிவிட்டது.

மேனேஜருக்கு டீ கொண்டுபோனேன். மற்ற ரெண்டு சைலோவுக்கும் எப்போது வாங்கி மாட்டுவீர்கள் என்று கேட்டேன்.

"பாக்கலாம்."

"எங்க வீட்டுக்காரரு வேண்டாம்னு சொன்னாரோ இல்லையோ, எனக்குத் தெரியாதுங்க. நான் வேணும்ங்கறேன்."

அவர் டீயை எடுத்துக் குடித்தார். ஆகட்டும் என்று சொன்ன மாதிரி இருந்தது. சொன்னாரா, டீயை ஊதினாரா என்று சரியாகத் தெரியவில்லை. நாளைக்கு மறுபடியும் கேட்பேன்.

மத்தியானம் சின்ராசு கயிற்றை எடுத்துக்கொண்டு ஒன்றாம் சைலோவில் ஏறினான். அவன் இறங்குகிற வரைக்கும் அந்த ஏணியின் அடியிலேயே கூட்டிக்கொண்டிருந்தேன். அங்கே கூட்ட ஒன்றும் இல்லை.